நூறு வருட நூலகம் கையில் இருந்தும் ஏன் நஷ்டம்? ஸ்ட்ரீமிங் கம்பெனிகளின் கணக்கு

மறுஒளிபரப்பு (இழையைத் தொடங்கியவர்)

நல்ல சரக்கு வைத்திருப்பவன் ஜெயிப்பான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பொருந்தி வரவில்லை. டிஸ்னியும் வார்னரும் 1923-லிருந்து படம் சேர்த்து வைத்திருக்கிற கம்பெனிகள். நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங் ஆரம்பித்தபோது அதில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் சரக்கு. ஆனால் 2022 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் பிரிவு சுமார் 147 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. நெட்ஃபிளிக்ஸ் 2024-ல் சுமார் 3,900 கோடி டாலர் வருவாய் பார்த்து, செலவெல்லாம் போக 690 கோடி டாலர் ரொக்கத்தைக் கையில் நிறுத்தியது. எங்கே இடிக்கிறது? "அல்காரிதம் நல்லா இருக்கு" மாதிரி பதில் வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

நூலகம் சும்மா கிடந்த சொத்து இல்லை. ஏற்கெனவே வாடகை வந்துகொண்டிருந்தது. அதை மறந்துவிடுகிறோம்.

'ஃபிரண்ட்ஸ்' தொடரைப் பாருங்கள். 2019 ஒரு வருடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ள நெட்ஃபிளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்ததாக அப்போதே செய்தி வந்தது. பிறகு வார்னர் அதைத் தன் சொந்த ஹெச்பிஓ மேக்ஸுக்கு இழுத்துக்கொண்டது. 5 வருடத்துக்கு 42.5 கோடி டாலர் என்று பேசப்பட்டது. அதை வாங்கியவரும் வார்னர், விற்றவரும் வார்னர். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினால் வெளியிலிருந்து ஒரு டாலரும் உள்ளே வராது. முன்பு போட்டியாளர் கொடுத்த பணம் நின்றது. அதன் மேல் ஆப் கட்டும் செலவு, சர்வர், விளம்பரம், வாடிக்கையாளர் சேவை எல்லாம் புதிதாக ஏறின.

கேபிள் பணம் வேறு கரைந்தது. கேபிளில் ஒரு வீட்டுக்கு மாதம் இத்தனை என்று சேனலுக்குப் போய்விடும், அந்த வீட்டில் யாரும் அந்தச் சேனலைப் பார்க்காவிட்டாலும். ஸ்ட்ரீமிங்கில் பார்க்காதவர் அடுத்த மாதமே போய்விடுவார். நெட்ஃபிளிக்ஸுக்கு இழக்க அப்படிப்பட்ட பழைய வருமானம் எதுவும் இல்லை. இருந்தது தபாலில் டிவிடி அனுப்பும் தொழில்தான். அதைப் பிரிக்கப் போய் 2011-ல் கையைச் சுட்டுக்கொண்டார்கள்: கட்டணத்தை இரண்டாகப் பிரித்ததும் ஒரே காலாண்டில் அமெரிக்காவில் 8 லட்சம் பேர் விலகினார்கள்.

ரிமோட்_யார்_கையில்

சோனியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் பெரிய ஸ்டுடியோக்களில், அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான ஸ்ட்ரீமிங் ஆப் ஒன்றை நடத்தும் சண்டையில் இறங்காமல் இருந்தது அவர்கள்தான். 2021 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸோடு ஒப்பந்தம் போட்டு, 2022-லிருந்து தியேட்டரில் வரும் தங்கள் படங்களை முதல் சுற்றில் அங்கே கொடுத்தார்கள். அங்கே சொந்தமாக வைத்துக்கொண்டது அனிமே பார்ப்பவர்களுக்கான கிரஞ்சிரோல். ஏடி அண்ட் டி-யிடமிருந்து 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. துறையில் இதை ஆயுத வியாபாரி வழி என்பார்கள். யார் சண்டை போட்டாலும் இவர்களுக்குப் பில் வரும்.

விலகல்_விகிதம்

சரக்கை விட்டுவிட்டு சர்ன் பக்கம் வாங்க. மாதாமாதம் சந்தாவை விட்டுப் போகிறவர்கள் எத்தனை சதவீதம், அதுதான் சர்ன்.

ஒரு ஆப்பில் 1 கோடி சந்தாதாரர் என்று வையுங்கள். மாத சர்ன் 5% என்றால் சராசரியாக ஒருவர் 20 மாதம் இருப்பார் (100-ஐ 5-ஆல் வகுத்தால் போதும்). 2% என்றால் 50 மாதம். மாதம் 10 டாலர் சந்தா என்றால் ஒருவரிடமிருந்து வருவது 200 டாலரா 500 டாலரா என்பதே இங்கே முடிவாகிவிடுகிறது. ஒரே தொடரை ஒரே செலவில் எடுத்தாலும் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

5% சர்னில் 1 கோடியிலேயே நிற்க வருடத்துக்கு 60 லட்சம் புது ஆள் பிடிக்க வேண்டும். 2%-ல் 24 லட்சம் போதும்.

பழைய_ஆன்டெனா

> 5% சர்னில் 1 கோடியிலேயே நிற்க வருடத்துக்கு 60 லட்சம்

தப்புங்க. கூட்டு வட்டி மாதிரி பாருங்க. 0.95-ஐ 12 தடவை பெருக்கினால் 0.54 வரும். ஆக, வருடக் கடைசியில் 46 லட்சம் பேர்தான் போயிருப்பார்கள்.

விலகல்_விகிதம்

நீங்க எடுத்த கணக்கு சரி, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. ஜனவரியில் இருந்த 1 கோடியில் டிசம்பரில் மிச்சம் இருப்பவர் 54 லட்சம். நடுவில் சேர்த்த புது ஆட்களும் போவார்களே? மார்ச்சில் வந்து ஜூனில் போனவரின் இடத்தையும் நிரப்ப வேண்டும். எண்ணிக்கை 1 கோடியிலேயே நிற்க, மாதம் 5 லட்சம் வீதம் 12 மாதம், 60 லட்சம். நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே சர்ன் இல்லை. சேர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர்கள்தான் அதிகம் ஓடுவார்கள். ஒரே ஒரு தொடருக்காக வந்தவர் அது முடிந்த அன்றே போவார். எபிசோடை மொத்தமாக விடாமல் வாரம் ஒன்றாக விடுவதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். 8 வாரத் தொடர் என்றால் குறைந்தது இரண்டு மாதச் சந்தா.

பழைய_ஆன்டெனா

புரிந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

விலகல்_விகிதம்

இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது. போகிறவர்களில் ஒரு பகுதியினர் போக நினைத்தே போவதில்லை. கார்டு காலாவதியாகிவிடும், வங்கி மறுத்துவிடும், சந்தா தானாக அறுந்துவிடும். இதைச் சரிசெய்வது புதுத் தொடர் எடுப்பதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. செய்ய வேண்டியவை:

பணம் எடுக்க முடியாமல் போன அன்றே கணக்கைப் பூட்டக் கூடாது, சில நாள் அவகாசம் கொடுத்து ஓட விடணும். உடனே ஐந்து தடவை முட்டிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். வங்கி அதைச் சந்தேகப்பட்டு மொத்தமாக மறுக்கும். சம்பளம் வரும் தேதியை ஒட்டி, நேரம் மாற்றி முயலணும். கார்டு எண்ணைச் சேமிப்பதற்குப் பதிலாக கார்டு நெட்வொர்க் தரும் டோக்கனைச் சேமித்தால், கார்டு மாறினாலும் பல நேரம் டோக்கன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எச்சரிக்கையை மெயிலில் மட்டும் அனுப்பாமல் டிவி திரையிலேயே காட்டணும், பார்க்கிறவர் அங்கேதான் இருக்கிறார்.

மறுத்ததற்கான காரணக் குறியீட்டைப் படிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திரும்ப முயல்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு. 'இருப்பு இல்லை' என்றால் திரும்ப முயலலாம். 'திருடப்பட்ட கார்டு' என்றால் நூறு தடவை முட்டினாலும் பலன் இல்லை.

ரிமோட்_யார்_கையில்

அந்த பில்லிங்கே உங்கள் கையில் இல்லை என்றால்? இழையின் நிஜமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். சரக்கு யாருடையதோ, வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பங்கு போகும்.

ஆப்பிள் கடை வழியாகச் சந்தா எடுத்தால் வழக்கமான விகிதம் முதல் வருடம் 30%, அதன்பிறகு 15%. நெட்ஃபிளிக்ஸ் 2018 டிசம்பரில் ஐபோன் ஆப்புக்குள் புதிதாகச் சேருவதையே நிறுத்தியது. அதைச் செய்ய ஊருக்கே தெரிந்த பெயர் வேண்டும். வெப்சைட்டுக்குப் போய்ச் சேருவார்கள் என்ற தைரியம் சின்ன ஆப்புக்கு வராது. 2025 ஏப்ரல் 30-ல், ஆப்பிள் மேல் எபிக் கேம்ஸ் போட்ட வழக்கில் அமெரிக்க நீதிமன்றம், ஆப்புக்கு வெளியே பணம் கட்டும் லிங்க்குக்கு ஆப்பிள் கமிஷன் வாங்கக் கூடாது என்றதும் ஸ்பாட்டிஃபை உடனடியாக ஆப்பை மாற்றியது.

டிவியில் இன்னும் கடுமை. டிவியில் ஆப்களை ஓட்டும் பெட்டி விற்கும் ரோக்குவில் வழக்கமாகக் கேட்பது சந்தாவில் 20%, விளம்பர இடத்தில் 30%. ஹெச்பிஓ மேக்ஸ் 2020 மே 27-ல் வந்தபோது ரோக்குவிலும் இல்லை, அமேசான் ஃபயர் டிவியிலும் இல்லை. ஃபயர் டிவிக்கு நவம்பர் ஆனது, ரோக்குவுக்கு டிசம்பர். ஊரே வீட்டில் முடங்கிக் கிடந்த ஆறு மாதம், இந்த இரண்டு பெட்டிகளிலும் ஆப் இல்லை.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். அமேசானுக்குள்ளேயே சேனலாக விற்றால் ஆள் சுலபமாக வருவார், ஆனால் அவரது மெயில், கார்டு, என்ன பார்க்கிறார் என்ற விவரம் எல்லாம் அமேசானிடம் தங்கிவிடும். வார்னர் இது பிடிக்காமல் 2021 செப்டம்பரில் வெளியேறியது. அந்த வழியில் இருந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 2022 டிசம்பரில் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்தது. வாடிக்கையாளர் யாருடையவர் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது.

ரோக்கு என்ற வாசல்காரரே நெட்ஃபிளிக்ஸ் வீட்டுப் பிள்ளை என்பதுதான் வேடிக்கை. பெட்டியை உருவாக்கியது நெட்ஃபிளிக்ஸ். நாமே பெட்டி விற்றால் மற்ற டிவி கம்பெனிகள் நம் ஆப்பை ஏற்காது என்று கடைசி நேரத்தில் ரோக்குவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2008 மே மாதம் 99.99 டாலருக்கு வந்தது. அதனால்தான் எல்லா ரிமோட்டிலும் நெட்ஃபிளிக்ஸ் பட்டன் ஏற முடிந்தது.

பஃபரிங்

நெட்வொர்க் பக்கத்தையும் சொல்லணும், இதில்தான் பழைய ஸ்டுடியோக்கள் ரொம்ப நாள் தடுமாறின. டிஸ்னி தானே கட்டவில்லை. பேஸ்பால் லீக் வளர்த்த ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பக் கம்பெனியான பாம்டெக்கில் 2016-ல் 100 கோடி டாலருக்கு 33% வாங்கி, அடுத்த வருடம் 158 கோடிக்கு இன்னும் 42% வாங்கித்தான் டிஸ்னி பிளஸ்ஸை 2019 நவம்பரில் இறக்க முடிந்தது.

நெட்ஃபிளிக்ஸ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. லாகின், பரிந்துரை, பில் எல்லாம் அமேசான் கிளவுடில், அதாவது போட்டியாளருக்கே வாடகை. ஆனால் வீடியோ அங்கிருந்து வருவதில்லை. ஓப்பன் கனெக்ட் என்று சொந்தப் பெட்டிகளைச் செய்து, தகுதியுள்ள இன்டர்நெட் கம்பெனிகளுக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே வைக்கிறார்கள். நாளை எந்த ஊரில் எது ஓடும் என்று கணித்து, கூட்டம் இல்லாத நேரத்தில் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். மாலையில் எல்லோரும் உட்காரும்போது படம் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி.

லைவ் என்று வந்ததும் இந்தச் சாமர்த்தியம் பாதி செல்லாது. நேற்றே நிரப்பி வைக்க இன்றைய குத்துச்சண்டை இல்லையே! 2024 நவம்பர் 15 டைசன்–பால் சண்டையை 6 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது, சுற்றிச் சுற்றி நின்றது என்று பார்த்தவர்களும் சொன்னார்கள். தோராயமாகக் கணக்குப் போடுங்கள். வீடியோவை 6 விநாடித் துண்டுகளாக வெட்டினால், 6 கோடி பேர் என்றால் விநாடிக்கு 1 கோடி துண்டு கேட்பார்கள். இது போக, அடுத்த துண்டு எது என்று சொல்லும் பட்டியல் கோப்பையும் ஒவ்வொரு பிளேயரும் திரும்பத் திரும்பக் கேட்கும். ஆளுக்கு 5 மெகாபிட் என்றால் மொத்தம் விநாடிக்கு 300 டெராபிட். ஒரு இடத்தில் பெட்டி திணறினால் அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஆப்பை மூடித் திறப்பார்கள், அது புது லாகின் அலையாகத் திரும்பி வரும். வீடியோவைவிட அந்த அலைதான் பல லைவ் நிகழ்ச்சிகளைச் சாய்ப்பது. பிளேயர் தோற்றால் எல்லோரும் ஒரே நொடியில் திரும்ப முயலாமல், ஆளுக்கு ஒரு தாமதம் வைத்து முயல வைப்பது முதல் மருந்து. வீடியோ தரத்தைச் சிறிது இறக்கி ஓட விடுவது இரண்டாவது.

இடைவேளை_விளம்பரம்

விளம்பரத் திட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. அமெரிக்காவில் 2025 ஜனவரி உயர்வில் நெட்ஃபிளிக்ஸ் வைத்த விலை: விளம்பரத்தோடு 7.99 டாலர், விளம்பரம் இல்லாமல் 17.99. இடைவெளி 10 டாலர். அதை விளம்பரம் நிரப்புமா?

மணிக்கு 4 நிமிட விளம்பரம், ஒவ்வொன்றும் 30 விநாடி என்றால் மணிக்கு 8. தினம் ஒரு மணி நேரம், மாதம் 240. ஆயிரம் தடவை காட்ட 25 டாலர் என்று வைத்தால் 6 டாலர். எல்லா இடமும் விற்காது. 60% விற்றால் 3.60. ஆக மொத்தம் 11.59. பத்து டாலரையும் நிரப்ப அதே கணக்கில் தினம் இரண்டே முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டும். (25-உம் 60%-உம் கணக்குக்காக நான் வைத்தவை, யாருடைய உள் எண்ணும் இல்லை.)

பழைய_ஆன்டெனா

அப்போ நஷ்டம்தானே? எதற்கு இந்த வேலை?

இடைவேளை_விளம்பரம்

17.99 கட்டுகிறவர் கீழே இறங்கினால் நஷ்டம். 17.99 கட்ட முடியாமல் போகவே போகிறவரைப் பிடித்தால் 11.59 லாபம். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பூஜ்யத்தை. பாஸ்வேர்ட் விஷயமும் இதோடு கோத்ததுதான். உலகம் முழுக்க 10 கோடி வீடுகள் அடுத்தவர் கணக்கில் பார்க்கின்றன என்று 2022 ஏப்ரலில் அவர்களே சொன்னார்கள். முதலில் 2022 நவம்பரில் 6.99-க்கு விளம்பரத் திட்டம், அதன்பிறகு 2023 மே மாதம் அமெரிக்காவில் பாஸ்வேர்ட் கெடுபிடி. அந்த வரிசைதான் தந்திரம். கதவைச் சாத்துவதற்கு முன் மலிவான ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வரிசை மாறியிருந்தால் துரத்தப்பட்டவர்களுக்குப் போக இடம் இருந்திருக்காது.

அமேசான் எதிர்ப்பக்கமாகச் செய்தது. 2024 ஜனவரி 29-ல் அமெரிக்காவில் பிரைம் வீடியோ பார்க்கும் எல்லோருக்கும் விளம்பரத்தைப் போட்டுவிட்டு, வேண்டாம் என்றால் மாதம் 2.99 கூடக் கட்டு என்றது. நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு ஆளாகச் சேர்த்த கூட்டத்தை அமேசான் ஒரே நாளில் சேர்த்தது. சந்தையில் விளம்பர இடம் குவிந்ததால் மற்றவர்கள் கேட்கக்கூடிய விலையும் இறங்கியது.

ரிமோட்_யார்_கையில்

விளம்பரம் என்றால் யூடியூப்தான். டிவி பார்ப்பதை அளக்கும் நீல்சன் கம்பெனியின் 2025 மே மாதக் கணக்கில் அமெரிக்க டிவி பார்க்கும் நேரத்தில் யூடியூப் 12.5%, நெட்ஃபிளிக்ஸ் 7.5%. யூடியூப் நீள வீடியோ எடுப்பவருக்கு விளம்பரப் பணத்தில் 55% கொடுக்கிறது. ஆனால் பணம் வந்த பிறகு. ஓடாத வீடியோவின் செலவு எடுத்தவன் தலையில்.

கணக்குப்பிள்ளை

உண்மை. ஆனால் மறுபக்கமும் உண்டு. 2024-ல் யூடியூப் விளம்பர வருவாய் சுமார் 3,600 கோடி டாலர். அதில் பெரும்பகுதியைப் பங்கு போட வேண்டும், எவ்வளவு வளர்ந்தாலும் 55% கூடவே வளரும். நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றை எடுத்து முடித்துவிட்டால் பார்ப்பவர் ஒரு கோடியா பத்துக் கோடியா என்பது செலவை மாற்றாது. ஸ்பாட்டிஃபை ஏன் 2024 வரை காத்திருந்துதான் முதல் முழு வருட இயக்க லாபம் பார்த்தது? வருவாயில் 70%-க்குப் பக்கத்தில் பாட்டு உரிமையாளர்களுக்குப் போகிறது, எல்லா ஆப்பிலும் அதே பாட்டுதான். முன்பணம் போட்டவனுக்கு ஆபத்து அதிகம், ஆனால் அளவு பெருகினால் மிச்சம் அவனுக்கு. பின்பணம் கொடுப்பவன் தூங்கலாம், மிச்சம் மெதுவாகத்தான் ஏறும்.

நடுவில் மாட்டியவர்கள்தான் பாவம். முன்பணமும் போட்டு, அளவும் இல்லாமல். குட்டி வீடியோ ஆப்பான கிவிபி 175 கோடி டாலர் திரட்டி 2020 ஏப்ரல் 6-ல் திறந்து டிசம்பர் 1-ல் மூடியது. சிஎன்என் பிளஸ் ஒரு மாதம்.

மறுஒளிபரப்பு

டிஸ்னி சொந்தத் தொடர்களையே ஆப்பிலிருந்து தூக்கியதே? அது எந்தக் கணக்கு?

கணக்குப்பிள்ளை

2023 மே. எடுத்த தொடரின் செலவை ஒரே நாளில் கணக்கில் எழுத மாட்டார்கள், வருடக்கணக்கில் பிரித்து எழுதுவார்கள். அமார்டைசேஷன் என்பது அதைத்தான். தூக்கிவிட்டால் மிச்சமிருப்பதை ஒரே அடியாக எழுதிவிடலாம். டிஸ்னி அப்படி எழுதியது சுமார் 150 கோடி டாலர். அந்தக் காலாண்டு அசிங்கமாகத் தெரியும், அடுத்து வரும் காலாண்டுகள் அழகாகும். தொடர் ஆப்பில் இருக்கும்வரை நடிகர், எழுத்தாளருக்குப் போகும் மீள்தொகையும் மிச்சம். போட்ட காசு திரும்ப வராது, அது என்றோ போய்விட்டது.

விலகல்_விகிதம்

சர்னைக் குறைக்க இப்போது எல்லோரும் திரும்பி வந்து நிற்பது பண்டில். 2024 ஜூலையில் டிஸ்னி பிளஸ், ஹுலு, மேக்ஸ் (ஹெச்பிஓ மேக்ஸின் அப்போதைய பெயர்) மூன்றும் சேர்த்து விளம்பரத்தோடு 16.99. ஒன்றில் தொடர் முடிந்தாலும் இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும், ரத்து செய்ய மனம் வராது. விலையில் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்குகிறார்கள். கேபிளைத் திட்டியவர்களே கேபிளைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்ற கிண்டல் நியாயமானதுதான். ஆனால் விளையாட்டில் இதை முயன்ற வெனு தேறவில்லை. டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் மூவரும் கூடியதும், இணையம் வழியே சேனல்களை விற்கும் ஃபூபோ வழக்குப் போட்டது, 2024 ஆகஸ்டில் தடை வந்தது, 2025 ஜனவரியில் கைவிட்டார்கள். தங்கள் சேனல்களைத் தேவையில்லாதவற்றோடு சேர்த்து வாங்கு என்று ஃபூபோவைக் கட்டாயப்படுத்திவிட்டு, தாங்கள் மட்டும் விளையாட்டைத் தனியாகப் பிரித்து விற்கப் பார்த்ததுதான் வழக்கின் மையம்.

மறுஒளிபரப்பு

கடைசியாக ஒன்று. 2025 முதல் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர் எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் சொல்வதில்லை, டிஸ்னியும் 2026 நிதியாண்டிலிருந்து நிறுத்திவிட்டது. இனி அறிக்கை வந்தால் எதைப் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை

சந்தாதாரர் எண்ணிக்கை போனதில் பெரிய நட்டம் இல்லை. பண்டிலில் மலிவாக வந்தவரும் 17.99 கட்டுகிறவரும் அதில் ஒன்றுதான்.

நெட்ஃபிளிக்ஸ் அறிக்கையில் நேராக ரொக்க ஓட்டப் பக்கத்துக்குப் போங்கள். உள்ளடக்கச் சொத்துச் சேர்க்கை என்று ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் இருக்கும். கீழேயே உள்ளடக்கக் கடன்களில் மாற்றம் என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் சரக்குக்காக அந்தக் காலத்தில் நிஜமாக வெளியே போன காசு. அதே பக்கத்தில் இருக்கும் உள்ளடக்க அமார்டைசேஷனால் அதை வகுங்கள். இப்போது 1.1-ஐ ஒட்டி இருக்கும் என்று அவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். 1-க்கு எவ்வளவு மேலே போகிறதோ, காட்டும் லாபத்துக்கும் கையில் இருக்கும் காசுக்கும் அவ்வளவு தூரம். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய நிகர லாபம் சுமார் 187 கோடி டாலர். அதே வருடம் கையிலிருந்து போன ரொக்கம் 330 கோடி. லாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வருடம் கடன் ஏன் ஏறியது என்பது புரிந்தே இருக்காது.